கடலிற் கலந்த கொடையாளி

சங்கத்தின் ஆண்டு மலரில் ஒரு பந்தாட்டக்காரரின் சரிதம் எதற்கு என மூத்த அன்பர் சிலர் கேட்கக்கூடும். அவர் சமயப் பெரியாரல்லர், கல்விமானுமல்லர், நம்மிற் பலர் ஒருமுறையேனும் நேரிற் கண்டிராத ஓர் ஆட்டத்தை ஆடி, அதற்குச் சம்பளம் பெற்றுச் சீவித்தவர். ஆயினும் நம் வாலிபரிடையே ஓயாது எழும் வினாவொன்றுக்கு இம் மனிதரின் வாழ்க்கையில் நல்ல விளக்கம் உண்டு. பேர்பெற்ற விளையாட்டு வீரர் ஒருவர் ஓர் ஆஸ்பத்திரிக்குப் பணம் கொடுத்தார் என்று பத்திரிகையிற் படத்துடன் செய்தி வந்தாற் போதும், இளைஞரிடையே இரண்டு கட்சி உண்டாகிவிடும். கொடுத்தாரே, அது போதாதா என்பார் ஒரு கட்சியார். படம் பிடிப்பதற்காகவே கொடுத்தார் என்பார் மறு கட்சியார். இரு கட்சியாரும் றொபேர்ட்டோ கிளெமென்ரே என்பவரைப் பற்றி அறிந்துகொண்டு பின்னர் வாதிடுவது நன்று.

கிளெமென்ரே 1934ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் 18ஆந் திகதி, கரீபியன் கடலிலுள்ள புவேர்ட்டோ றிக்கோத் தீவில், கறொலீனா என்னும் ஊரிற் பிறந்தார். அத் தீவு ஐக்கிய அமெரிக்காவின் ஆட்சிக்குட்பட்டது. மக்கள் பேசும் பாஷையோ ஸ்பானியம். ஊரைச் சுற்றிலும் கரும்புத் தோட்டங்கள். தந்தையார் மெல்ச்சோர் கரும்புத் தோட்டத்திற் கங்காணி வேலை பார்த்தவர். தாயார் லூயிசா. நிறைந்த குடும்பத்திற் கடைசிப் பிள்ளை றொபேர்ட்டோ. வறுமையிற் கிடந்து துன்புற்ற குடும்பமென்று சொல்வதற்கில்லை. உழைத்தால் உண்ணலாம் என்ற நிலை. ஒரு சைக்கிள் வாங்குவதற்காகச் சிறுவன் றொபேர்ட்டோ அயல்வீட்டுக்குப் பாற்பாத்திரம் சுமந்து, நாளொன்றுக்கு ஒரு சதம் வீதம் மூன்று வருடம் சேர்த்தான் என்றொரு கதை உண்டு. இன்னும் பல கதைகளும் உண்டு. இறந்தபின் புகழ் பெற்றவர்களின் பிள்ளைப் பிராயத்தில் அற்புதங்கள் முளைப்பது எந்த நாட்டுக்கும் பொதுவான வழக்கமாகையால், அவற்றை விட்டு மேலே செல்வோம்.

பாடசாலையில் அவர் ஈட்டி எறிவதிற் கெட்டிக்காரராக இருந்தார் என்பதை மட்டும் மறக்கவேண்டாம். பிற்காலத்தில் அந்தத் தோளின் வலிமையே அவருக்குச் சோறு போட்டது.

பேஸ்போல் என்னும் ஆட்டத்தைக் கிறிக்கற் அறிந்தோர் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். ஒருவர் பந்தை வீச, மற்றவர் உருண்டைத் தடியால் அடிக்கிறார். அடித்துவிட்டு நான்கு மூலைகளையுஞ் சுற்றி ஓடி வந்தால் ஓர் ஓட்டம். வெளியே நிற்போர் பந்தைப் பிடித்தோ எறிந்தோ ஓடுபவரை ஆட்டமிழக்கச் செய்வர். கிளெமென்ரே நின்றது வலப்புறத்து எல்லையில். அங்கிருந்து அவர் எறியும் பந்து நிலத்திற் படாமல் வந்து சேரும் வேகத்துக்கு அஞ்சி, ஓட நினைத்தவர்களும் நின்ற இடத்திலேயே நின்றுவிடுவார்களாம்.

1952இல், பதினெட்டு வயதில், சன்ரூர்சே என்னும் உள்ளூர் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. 1954இல் அமெரிக்காவின் புறூக்ளின் டொட்ஜேர்ஸ் என்ற பெரிய அணியார் 10,000 டொலர் முன்பணம் கொடுத்து ஒப்பந்தஞ் செய்தனர். அதைவிடக் கூடுதலான தொகையுடன் வேறோர் அணியார் வந்தபோது, ஒருவருக்கு வாக்குக் கொடுத்தாயிற்று என்று தாயார் மறித்ததனால் அவர் மாறவில்லையென வரலாறு எழுதினோர் கூறுவர். டொட்ஜேர்ஸ் அவரை மொன்றியல் நகரிலிருந்த தமது சிறிய அணிக்கு அனுப்பி, அதிகம் ஆடவிடாது வைத்திருந்தனர். அவ்வாண்டு இறுதியில், அக்கால விதியொன்றின்படி, பிற்ஸ்பேர்க் பைறேற்ஸ் அணியார் வெறும் 4,000 டொலர் செலுத்தி அவரைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டனர். 1955 ஏப்பிரில் மாதத்தில் அவ்வணிக்காக ஆடத் தொடங்கியவர், இறக்கும் வரை பதினெட்டுப் பருவங்களும் அவ்வணியை விட்டு அகலவில்லை.

பிற்ஸ்பேர்க் உருக்கு ஆலைகள் நிறைந்த நகரம். அங்கே வந்து இறங்கிய இளைஞனுக்கு இரண்டு குறைகள் இருந்தன, பார்ப்பவர்கள் கண்ணுக்கு. ஒன்று, அவன் நிறம் கறுப்பு. மற்றையது, அவன் வாயில் இங்கிலிஷ் திருத்தமாக வரவில்லை. இளவேனிற் காலப் பயிற்சிக்காக அணி தென் மாநிலமான புளோறிடாவுக்குச் செல்லும்போது, வெள்ளை ஆட்டக்காரர் உணவுச்சாலைக்குட் சென்று உண்பர். கறுப்பு ஆட்டக்காரர் பஸ்ஸிலேயே காத்திருந்து, யாராவது கொண்டுவந்து கொடுப்பதை உண்ணவேண்டும். அப்படிக் கொடுக்கப்படும் உணவை வாங்குவதற்கே அவர் மறுத்து, தம் தோழரையும் வாங்கவேண்டாம் எனத் தடுத்து, நிருவாகத்தாரோடு வாதாடித் தமக்கென வேறு வாகனம் ஒழுங்குசெய்வித்தார். 1968இல் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அடக்கக் கிரியைக்கு முன் பருவத்தின் முதலாட்டத்தை ஆடமாட்டோம் என்று முன்னின்று சொன்ன ஆட்டக்காரருள் அவரும் ஒருவர். ஆட்டம் பிற்போடப்பட்டது.

பத்திரிகைக்காரரோடு அவருக்கு ஏற்பட்ட பிணக்கு நெடுநாளையது. அவர் பேசிய கொச்சை இங்கிலிஷை, அதே உச்சரிப்புத் தோன்ற எழுத்துக்கெழுத்து அச்சிட்டு வாசகரைச் சிரிக்கவைத்தனர் சிலர். றொபேர்ட்டோ என்ற பெயரையே பொப் எனச் சுருக்கினர். அவருடைய படம் அச்சிட்ட அட்டைகளிலும் பல வருடம் அப்படியே வந்தது. முதுகுவலியென்று அவர் சொன்னால், வராத நோயை வந்ததாகச் சொல்லுகிறார் என எழுதினர். 1954இல் ஒரு வாகன விபத்தில் அவர் முதுகெலும்பு அடிபட்டிருந்தது என்பதை எண்ணிப் பார்க்கப் பலருக்கு மனமில்லை. 1960இல் பைறேற்ஸ், பெயர்போன நியூயோர்க் யாங்கீஸ் அணியை வென்று உலக வெற்றிக்கிண்ணத் தொடரைக் கைப்பற்றியது. அத் தொடரின் ஏழு ஆட்டங்களிலும் கிளெமென்ரே பந்தை நன்கு அடித்தார். எனினும் அவ்வாண்டின் சிறந்த ஆட்டக்காரரைத் தெரிவதற்குப் பத்திரிகையாளர் இட்ட வாக்கில் அவருக்குக் கிடைத்தது எட்டாம் இடம். அந்த மனத்தாங்கல் அவரை விட்டு நீங்கவேயில்லை.

இதனை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்லுகிறேனென்றால், கிளெமென்ரே புகழை வேண்டாத துறவி என்று வாசகர் எண்ணிவிடக் கூடாது. தம் ஆட்டத்துக்குரிய புகழை அவர் வேண்டினார், வாய்விட்டே கேட்டார், கிடையாதபோது கோபித்தார். நான்கு முறை அடிப்போர் வரிசையில் முதலிடம், 1966இற் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருது, 1961 முதல் 1972 வரை ஆண்டு தவறாது பன்னிரண்டு முறை களத்தடுப்புக்கான தங்கக் கையுறை, இவ்வளவும் பெற்ற பின்னரும் தம்மைப் போதியவளவு மதிக்கவில்லை என்று அவர் குறைப்பட்டுக்கொண்டதுண்டு. உரிமையைக் கேட்பதும் தற்பெருமையும் ஒன்றல்ல என்று சொல்லலாம். இரண்டும் சற்றுக் கலந்தேயிருந்தன என்று சொன்னாலும் பிழையில்லை.

இப்படிப்பட்டவர் ஒரு காரியத்தில் மட்டும் பத்திரிகைக்காரரை அண்டவிடவில்லை.

பேஸ்போல் அணிகள் பருவகாலம் முழுவதும் நகரத்துக்கு நகரம் சென்று ஆடுவன. கிளெமென்ரேக்கு வரும் கடிதங்களோ ஏராளம். அவற்றுள் நோயுற்ற பிள்ளைகளிடமிருந்தும், அவர்களுடைய பெற்றோரிடமிருந்தும் வருவனவற்றை அவர் வேறாக எடுத்து, நகரவாரியாகப் பிரித்து வைத்துக்கொள்வார். அடுத்த ஆட்டம் எந்த நகரத்திலோ அந்த நகரத்துக் கடிதக்கட்டு அவருடன் போகும். பகலில் ஆஸ்பத்திரி, இரவில் ஆட்டம். அவர் வருகிறார் என்று முன்கூட்டி யாருக்கும் அறிவிப்பதில்லை. கமராக்காரர் வரக்கூடாது, எழுதக்கூடாது. இவ்வாறு எத்தனை பிள்ளைகளைப் பார்த்தார் என்பதற்குக் கணக்கு எழுதி வைத்தவர் யாருமில்லை. அவர் சிணுங்குபவர், தம்மையே நினைப்பவர் என்று காலையிலே ஒரு பத்திரிகை எழுதியிருக்கும். அன்று பகல் முழுவதும் அவர் ஒரு கட்டிலருகே இருந்திருப்பார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஒரு படத்துக்கு இடங்கொடுத்திருந்தால், பத்து வருடத்துப் பழிச்சொல் ஒரே நாளில் மாறியிருக்கும். தம் பெயரை மீட்கும் ஆயுதம் கையிலே கிடக்க, அதை அவர் எடுக்கவில்லை.

ஏன் எடுக்கவில்லை என்பதற்கு அவரவர் தத்தம் காரணத்தைச் சொல்லலாம். எனக்குத் தோன்றுவது இது. ஆஸ்பத்திரியில் நோயுற்றுக் கிடக்கும் குழந்தை தன் மெலிந்த முகத்தை ஊரார் காணவேண்டுமென்று விரும்பியிராது. கொடுப்பவர் படத்தில் நன்றாக விழுவார், வாங்குபவர் விழுவதில்லை. எழுத்துக்கெழுத்துத் தம் பேச்சை அச்சிட்டுச் சிரித்தவர்களிடம் காட்சிப்பொருளாவது எப்படியிருக்கும் என்பதைக் கிளெமென்ரே நன்கு அறிந்தவர்.

இதற்கு மாறாக வேறொருவரையும் இங்கே நினைத்துப் பார்ப்பது தகும். அவ்வாட்டத்தின் மிகப் பெரிய பெயராகிய பேப் றூத், 1926ஆம் ஆண்டு உலகத் தொடர் நடந்தபோது, நோயாளிச் சிறுவனொருவனுக்குத் தாம் கையொப்பமிட்ட பந்தை அனுப்பியதோடு, அவனுக்காக எல்லை கடந்த அடியொன்று அடிப்பதாகவும் வாக்களித்தாரென்று பத்திரிகைகள் எழுதின. நான்காம் ஆட்டத்தில் ஒன்றல்ல, மூன்று அடித்தார். சிறுவனுக்கும் உடம்பு தேறிவிட்டது. பின்பு றூத் அவன் வீட்டுக்குச் சென்றபோது கமராக்காரரும் உடன் சென்றனர். பையனின் நோயைப் பத்திரிகைகள் ஊதிப் பெருப்பித்தன என்பது பின்னர் வெளிவந்தது. ஆனால் இதில் எவருக்கு என்ன தீங்கு? பையன் மகிழ்ந்தான், நாடு மகிழ்ந்தது, றூத்தும் மகிழ்ந்தார். அநாதைப் பிள்ளைகளையும் நோயுற்ற பிள்ளைகளையும் பார்க்கப் போவது அவருக்குப் பழக்கமான காரியம். கமரா இல்லாத நாட்களிலும் போனவரே. ஆகையால் படத்துடன் வந்த தருமமெல்லாம் போலி என்று தீர்ப்புச் சொல்வதற்கு நான் ஆயத்தமில்லை. சற்றுக் கூச்சமாயிருக்கிறது என்று மாத்திரம் சொல்லுவேன்.

கிளெமென்ரேயும் எல்லாத் தருமத்தையும் மறைத்தாரல்லர். 1970 ஜூலை மாதத்தில் பிற்ஸ்பேர்க்கின் புதிய மைதானத்தில் அவரைக் கௌரவிக்க ஒரு விழா எடுத்தனர். புவேர்ட்டோ றிக்கோவிலிருந்து விமானத்தில் வந்து கூடிய மக்கள் பலர். தமக்கென்று சேர்க்கப்படும் பணம் அந்நகரத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் அங்கவீனமான பிள்ளைகளுக்குச் செல்லவேண்டுமென்று அவரே கேட்டுக்கொண்டார். அது பலரறிய நடந்தது. 1971 ஒக்ரோபரில் பைறேற்ஸ் மறுபடியும் உலகத் தொடரில் வென்றது. எதிரணி பால்ரிமோர் ஓரியோல்ஸ். முப்பத்தேழு வயதான கிளெமென்ரே ஏழு ஆட்டத்திலும் அடித்து, தொடரின் சிறந்த ஆட்டக்காரராகத் தெரிவானார். தொலைக்காட்சிக்காரர் ஒலிவாங்கியை முன்னே நீட்டியதும், முதலிலே ஸ்பானிய பாஷையில், வீட்டிலிருந்த தாய்தந்தையரிடம் ஆசி வேண்டிவிட்டே இங்கிலிஷிற் பேசினார். அந்நிய பாஷை பேசும் பெரிய தேசத்தின் முன்னிலையில் அவர் செய்த இச் சிறு காரியத்தை அத் தீவினர் இன்றும் மறக்கவில்லை. அவ்வெற்றிக்குப் பின் நிருபர்கள் அவரைச் சூழ்ந்து கேட்டபோதெல்லாம் அவர் பேசியது தம் ஆட்டத்தைப் பற்றி மட்டுமன்று. புவேர்ட்டோ றிக்கோவில் ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு விளையாட்டு நகரம் அமைக்கவேண்டும், அதற்கு நிலமும் பணமும் வேண்டும் என்பதைப் போகுமிடமெல்லாம் எடுத்துச் சொன்னார்.

பிள்ளையின் கட்டிலருகே கதவைச் சாத்திக்கொண்டவர், பிள்ளைகளுக்காகக் கையேந்தும்போது கதவை அகலத் திறந்துவிட்டார். தம்முடைய நேரத்தைக் கொடுப்பதற்கு எவர் அநுமதியும் வேண்டியதில்லை. பிறர் பணத்தைக் கேட்பவர் தாம் யார், எதற்குக் கேட்கிறார் என்று சொல்லியே ஆகவேண்டும். உண்டியல் பிடித்துத் தெருவில் நின்ற எங்கள் வாலிபருக்கு இது தெரிந்த விஷயம். தயங்கித் தயங்கி நிற்பவன் உண்டியலில் ஒன்றும் விழாது.

1972 செப்ரெம்பர் 30ஆந் திகதி கிளெமென்ரே தமது மூவாயிரமாவது அடியை அடித்தார். அந்த எண்ணை அதற்குமுன் எட்டியோர் பத்துப் பேரே. அதுவே பருவகால ஆட்டங்களில் அவர் அடித்த கடைசி அடியுமாயிற்று.

அவ்வாண்டு நவம்பரில், நிக்கராகுவா நாட்டின் தலைநகராகிய மனாகுவாவில் சம்பளம் பெறாத ஆட்டக்காரருக்கான உலகப் போட்டி நடைபெற்றது. புவேர்ட்டோ றிக்கோ அணியை நடத்திக்கொண்டு கிளெமென்ரே சென்றார். காலையில் டொலரைச் சில்லறையாக மாற்றிக்கொண்டு தெருவிலே நடந்து, எதிர்ப்படும் ஏழைகளுடன் நின்று அவர்கள் குடும்பத்தையும் தொழிலையும் விசாரித்து, காசு கொடுத்துச் செல்வாராம். கால்களை இழந்த சிறுவனொருவனை அங்கே கண்டு, அவனுக்குச் செயற்கைக் கால் பொருத்துவதற்கு ஏற்பாடு செய்தார் என்றும், தம் அணி இளைஞரிடமும் அதற்காக ஆளுக்குச் சிறு தொகை வாங்கினார் என்றும் கூறுவர். எல்லாவற்றையும் தாமே கொடுத்திருக்கக்கூடியவர் இளைஞரிடம் ஏன் வாங்கினார் என்பதை வாலிப வாசகர் சிந்திக்கட்டும்.

டிசெம்பரில் ஊர் திரும்பினார். அம்மாதம் 23ஆந் திகதி நள்ளிரவு கழிந்து அரை மணி நேரத்துள் மனாகுவாவைப் பூகம்பம் தாக்கியது. நகரத்தின் நடுப்பகுதி தரைமட்டமாயிற்று. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர், இலட்சக்கணக்கானோர் வீடிழந்தனர். இரண்டொரு கிழமைக்கு முன் தாம் நடந்து திரிந்த தெருக்களில் அப்போது பிணங்கள் கிடந்தன.

புவேர்ட்டோ றிக்கோவில் நிவாரணக் குழுவொன்று அமைந்தது. கிளெமென்ரேயும் பிரபல பாடகியாகிய றூத் பெர்னாண்டெஸ் என்பவரும் அதன் முன்னிலையில் நின்றனர். இங்கே அவர் தமது பெயரை மறைக்கவில்லை. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தோன்றிக் கேட்டார். தலைநகரத்து விளையாட்டு மைதானத்தைச் சேகரிப்பு நிலையமாக்கி, நத்தார்ப் பண்டிகை நாட்களிலும் அங்கேயே நின்று பெட்டி கட்டினார். ஏறக்குறைய 150,000 டொலரும், பல தொன் உணவும் உடையும் மருந்தும் சேர்ந்தன. வேறொருவர் கேட்டிருந்தால் இவ்வளவு சேர்ந்திராது.

கப்பலும் விமானமும் புறப்பட்டன. ஆனால் மனாகுவாவிலிருந்து வந்த செய்தி நல்லதாயில்லை. அந்நாடு அப்பொழுது சொமோசா குடும்பத்தின் பிடியிலிருந்தது. அன்னிய நாடுகள் அனுப்பிய நிவாரணப் பொருட்களை அவர்களுடைய காவற்படையினர் கைப்பற்றித் தமதாக்குகின்றனர் என்று கேள்வியாயிற்று. அது வெறும் வதந்தியன்று. பூகம்ப நிதியை விழுங்கிய பழி அவ்வாட்சி 1979இற் கவிழ்வதற்கு ஒரு காரணமாயிற்று என்பது வரலாற்றாசிரியர் முடிபு. புவேர்ட்டோ றிக்கோவிலிருந்து முன்னே சென்ற குழுவொன்றின் பொருட்களையும் விமான நிலையத்திற் படையினர் பறிக்க முயன்றனராம். குழுத் தலைவர், எல்லாவற்றையும் திரும்ப ஏற்றிக்கொண்டு போய்க் கிளெமென்ரேயிடம் சொல்லிவிடுவேன் என்று அச்சுறுத்தியபின்பே விட்டனர் எனக் கிளெமென்ரேயின் சரிதத்தில் எழுதப்பட்டிருக்கிறது. புகழுக்கு இப்படியும் ஓர் உபயோகம் உண்டு. துப்பாக்கி பிடித்தவனும் ஒரு பந்தாட்டக்காரரின் பெயருக்கு வழிவிட்டான்.

அதனாலேதான் அடுத்த விமானத்தில் தாமே போகவேண்டும் என்று கிளெமென்ரே தீர்மானித்தார். மக்கள் அவர் முகத்தைப் பார்த்துக் கொடுத்தார்கள். அந்தப் பொருள் திருடர் கையிற் சேர்ந்தால், கேட்டவர் பொய்யராவார். மறைவிற் செய்த தருமத்துக்குத் தம் மனச்சாட்சி ஒன்றுக்கே அவர் விடை சொல்லவேண்டியிருந்தது. பறையறைந்து சேர்த்த பொருளுக்கோ ஒரு தீவு முழுவதற்கும் கடன்பட்டிருந்தார். பெயரை ஈடு வைத்தவர் அதனை மீட்கப் புறப்பட்டார் என்றே நான் கருதுகிறேன்.

கிடைத்த விமானம் பழைய டிசி-7 வகைச் சரக்கு விமானம். அதே மாதத் தொடக்கத்தில் ஓடுபாதையிலிருந்து விலகிக் கான் ஒன்றில் இறங்கிச் சேதமுற்றது அது. விமானப் பணியாளரும் தகுந்தபடி அமையவில்லை. ஏற்றக்கூடிய பாரத்துக்கு மேல் ஏறக்குறைய 4,200 இறாத்தல் கூடுதலாக ஏற்றியிருந்தனர். இவையெல்லாம் பின்னர் விசாரணையில் வெளிவந்தவை. அன்று கிளெமென்ரேக்கு இவற்றுள் எவ்வளவு தெரியும்? பார்த்தவர்களுக்கே விமானம் பாரத்தால் தாழ்ந்து நிற்பது தெரிந்ததாம். நண்பரும் வீட்டாரும் தயங்கினர். 1964இல் அவர் மணஞ்செய்த வேராவும், மூன்று சிறு ஆண்பிள்ளைகளும் வீட்டில் இருந்தனர். வருடக் கடைசி நாள் புவேர்ட்டோ றிக்கோவிற் குடும்பத்தோடு கூடியிருக்கும் நாள். மூன்று பாலகரின் தகப்பன் இவ்வளவு அவசரப்பட்டிருக்கலாமா என்று மூத்தோர் கேட்பர். கேட்பது நியாயமே. பசித்தவருக்குச் சோறு கொண்டு போகிறோம் என்ற எண்ணம் நல்லவர் கண்ணையும் சில வேளை மறைக்கும். அவர் சென்றதைப் போற்றுகிற நான், அந்த விமானத்திற் சென்றதைப் போற்றமாட்டேன்.

பல மணி நேரத் தாமதத்துக்குப் பின், 1972 டிசெம்பர் 31ஆந் திகதி இரவு ஒன்பது மணி இருபது நிமிடமளவில் விமானம் எழுந்தது. எழுந்த சிறிது நேரத்துள் இயந்திரம் பழுதுற்று, திரும்ப முயன்று, கரைக்கு அப்பால் அத்திலாந்திக் சமுத்திரத்தில் வீழ்ந்தது. உள்ளேயிருந்த ஐவரும் மாண்டனர். கிளெமென்ரேக்கு அப்போது வயது முப்பத்தெட்டு. புது வருடக் கொண்டாட்டம் தீவெங்கும் அடங்கிப்போயிற்று. புதிய ஆளுநரின் பதவியேற்பு விழாக் களியாட்டங்களும் நிறுத்தப்பட்டன. மக்கள் கடற்கரையிற் கூடி நாட்கணக்காக அலையைப் பார்த்துக்கொண்டு நின்றனர்.

மறைவுக்குப் பின் மரியாதைகள் விரைந்து வந்தன. ஆட்டத்தை விட்டு ஐந்து வருடம் கழிந்த பின்பே ஒருவரைப் புகழ்மண்டபத்துக்குத் தெரிவது விதி. அவ்விதியைத் தளர்த்தி, 1973 மார்ச் மாதத்திற் பத்திரிகையாளர் விசேட வாக்கெடுப்பு நடத்தினர். அவரைச் சிரித்து எழுதிய அதே வர்க்கத்தார் 424 பேரில் 393 பேர் அவருக்கு வாக்களித்தனர். இலத்தீன் அமெரிக்க இனத்தவருள் அம் மண்டபத்திற் புகுந்த முதல்வர் அவரே. அவர் அணிந்த 21 என்ற இலக்கத்தைப் பைறேற்ஸ் அணியார் வேறெவருக்கும் கொடுப்பதில்லை. மண்டபத்தில் வைத்த உலோகப் பட்டயத்தில், ஸ்பானிய முறைப்படி தாய்வழிப் பெயரைக் கடைசியில் வையாது நடுவிலே பொறித்துவிட்டார்கள்; அப் பிழையைத் திருத்த 2000ஆம் ஆண்டு வரை சென்றது. பொப் என்று அழைத்த காலம் போயும், பெயரைச் சரியாகச் சொல்ல இருபத்தேழு வருடம்!

அவர் கனவு கண்ட விளையாட்டு நகரத்துக்குக் கறொலீனாவில் அரசாங்கம் நிலம் வழங்கியது. வேரா அம்மையார் 2019இல் மறையும் வரை கணவரின் பெயரைக் காத்து உழைத்தவர். பல்லாயிரம் பிள்ளைகள் அங்கே ஆடிப் பழகினர். பின்வந்த காலத்தில் பராமரிப்புக் குன்றி அவ்விடம் பாழடைந்தது வருந்தத்தக்கது.

இன்னொன்று. சமூகத்துக்கு நற்பணி செய்யும் ஆட்டக்காரருக்கென 1971இல் ஏற்படுத்திய விருதுக்கு 1973இற் கிளெமென்ரேயின் பெயரைச் சூட்டினர். ஆண்டுதோறும் ஒவ்வோர் அணியும் ஒருவரைத் தெரிந்து அனுப்புகிறது. யார் என்ன தருமஞ் செய்தார் என்பது விரிவாக எழுதப்படுகிறது, படங்களும் வருகின்றன. கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலருகே இருந்தவரின் பெயராலே இவ்விருது வழங்கப்படுவதைக் கண்டு நகைக்கத் தோன்றலாம். நானும் முதலில் அப்படியே எண்ணினேன். ஆனால் அவ் விருதினைப் பெறும் ஆசையாலேனும் ஓர் இளைஞன் ஓர் ஆஸ்பத்திரி வாயிலை மிதித்தால், உள்ளே கிடக்கும் பிள்ளைக்கு அது இலாபமே. மிதித்தபின் கமராவை வெளியே நிறுத்துவதா, உள்ளே அழைப்பதா என்பதை அவன் தீர்மானித்துக்கொள்ளட்டும்.

கடலுக்குள் வீழ்ந்த கிளெமென்ரேயின் உடல் கிடைக்கவில்லை. 1973 ஜனவரித் தொடக்கத்தில், கறொலீனாவில் அவருக்கு மணமுடித்த அதே தேவாலயத்தில் நினைவுப் பிரார்த்தனை நடந்தது. பிற்ஸ்பேர்க்கிலிருந்து அணியினர் விமானத்தில் வந்து வரிசையாக அமர்ந்திருந்தனர்; நிருபரும் படம் பிடிப்போரும் நிறைந்திருந்தனர். நெருங்கிய தோழராகிய மனி சங்கியேன் மட்டும் அவ்வரிசையில் இல்லை. அவர் அந்நேரம் கடற்கரையில், சுழியோடிகளோடு படகிற் சென்று, நண்பரைத் தேடி மீண்டும் மீண்டும் நீரில் மூழ்கிக்கொண்டிருந்தார்.